யோப்பாவில் ஒரு சீஷி

அன்புள்ள அக்கா,

எனக்கு 38 வயது. தனியார் வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். ஒரு வருடமாக மாற்கு சுவிசேஷத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். இயேசு கூப்பிட்டதும் பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு உடனே போனார்கள். யாக்கோபும் யோவானும் அப்பாவைப் படகிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். குடும்பம் என்ற சுமையோடு ஒருவன் உண்மையான சீஷனாக இருக்க முடியுமா? வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா? இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் இல்லாத பவுலைச் சீஷர் என்று சொல்லலாமா என்றும் ஒரு சந்தேகம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பவுல் தன்னை அப்போஸ்தலன் என்றுதான் சொல்லிக்கொண்டார். அந்த வாதம் இப்போது வேண்டாம்.

'குடும்பம் என்ற சுமை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கோபம் வந்தது. வலையை விட்டுப் போன பேதுரு, அதே முதல் அதிகாரத்தில் இயேசுவோடு தன் வீட்டுக்குத்தான் வருகிறார். அங்கே மாமியார் காய்ச்சலாகக் கிடக்கிறார். பல வருடம் கழித்தும் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போனது கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. மாற்குவின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளில் கிடந்து குணமான மனிதர் நானும் கூடவே வருகிறேன் என்று கெஞ்சுகிறார். இயேசு சம்மதிக்கவில்லை, உன் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுகிறார். ஒரு வருடமாக மாற்கு வாசிக்கிறவர் கண்ணில் இது எப்படிப் படாமல் போனது?

விட்டுப் போனவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சீஷன் என்றால் எல்லாவற்றையும் விட்டு வந்தவன் என்றே பழகிவிட்டோம். 'மத்தேத்தேஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கற்றுக்கொள்கிறவர் என்றுதான் பொருள். சுவிசேஷங்களிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் சேர்த்து சுமார் 260 தடவை வருகிறது. அதன் பெண்பால் வடிவம் புதிய ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 9:36. யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்று 'ஒரு சீஷி இருந்தாள்' என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. மகதலேனா மரியாளும் யோவன்னாளும் சூசன்னாளும் இயேசுவோடு ஊர் ஊராக நடந்தவர்கள், தங்கள் ஆஸ்தியால் ஊழியம் செய்தவர்கள். மூன்றாம் சுவிசேஷத்தையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் எழுதிய லூக்கா அவர்களுக்குக்கூட அந்தச் சொல்லைத் தரவில்லை. கடலோர ஊரில் துணி தைத்துக் கொடுத்த ஒருத்திக்குத் தந்திருக்கிறார். அவள் யோப்பாவை விட்டு எங்கும் போனதாக ஒரு வரிகூட இல்லை.

அவள் இறந்ததும் மேல்வீட்டில் கிடத்தி, பக்கத்து லித்தாவிலிருந்து பேதுருவை அழைத்து வருகிறார்கள். விதவைகள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்று, அவள் செய்து தந்த அங்கிகளைக் காட்டுகிறார்கள். அவற்றை உடம்பில் போட்டுக்கொண்டேதான் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், கிரேக்க வினைச்சொல் அதற்கு இடம் தருகிறது. மூன்று அதிகாரத்துக்கு முன்னால்தான் எருசலேம் சபையில் கிரேக்கம் பேசிய விதவைகளுக்குத் தினப்படி சாப்பாட்டுப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு. அதைத் தீர்க்க ஏழு பேரை நியமிக்க வேண்டியிருந்தது. யோப்பா விதவைகளுக்கு ஊசியும் நூலுமாக ஒருத்தி இருந்தாள்.

இதை எழுதும்போது என் அத்தைதான் கண்முன் நிற்கிறார். ஜூன் மாதம் வந்தால் அவருடைய தையல் மிஷின் ராத்திரி பன்னிரண்டு மணிவரை ஓடும், எல்லாம் பள்ளிக்கூட யூனிஃபார்ம். அவர் போன பிறகு அளவு நோட்டைப் புரட்டினேன். தோள், மார்பு, கை நீளம் எல்லாம் பென்சிலில், ஓரத்தில் கூலி. பக்கத்துக்கு இரண்டு மூன்று பெயர்களுக்கு நேரே கூலி இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும். அந்தப் பெயர்களை எனக்குத் தெரியும். அப்பா இல்லாத பிள்ளைகள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள். எங்கள் சபையில் சாட்சி சொல்ல வேலையை விட்டு வந்தவர்களைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். அத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். உங்கள் ஏக்கம் பொய்யில்லை, அதை மதிக்கிறேன். வேலையை விடலாமா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடன் இருக்கிறது, உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை அவரிடம் காட்டினீர்களா? முதலில் காட்டுங்கள் தம்பி. அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா