கம்பெனி கார்: பிளக்-இன்னா, சாதாரண ஹைபிரிட்டா?

கேள்வி: விதைக் கம்பெனி ஒன்றில் மண்டல மேலாளராக இருக்கிறேன். கும்பகோணத்தில் வாடகை வீடு, கார் தெருவில்தான் நிற்கும். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று தினமும் 150 கிலோமீட்டர் ஓட்டம். கம்பெனியில் புது கார் தருகிறார்கள். பெட்ரோலும் அவர்கள் கணக்கு. பிளக்-இன் ஹைபிரிட் கேட்கலாமா, சாதாரண ஹைபிரிட் போதுமா?

பதில்: ஹைபிரிட் என்றால் பெட்ரோல் என்ஜினோடு பேட்டரி மோட்டாரும் உள்ள கார்; பிளக்-இன் என்றால் அந்தப் பேட்டரிக்கு வீட்டுக் கரண்டில் சார்ஜ் ஏற்ற வேண்டும். ராத்திரி காருக்கு ஒயர் எங்கிருந்து இழுப்பீர்கள்? ஐப்பசி மழையில் ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் தொங்கவிடுகிற காரியமில்லை அது. சார்ஜ் ஏற்றாவிட்டாலும் பிளக்-இன் ஓடும்தான், ஆனால் பெரிய பேட்டரியின் கனத்தை வீணாகச் சுமந்துகொண்டு.

அப்புறம் கரண்ட் பில். ராத்திரிக்கு 15 யூனிட் என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 50 ராத்திரி, ஆக 750 யூனிட். 500ஐத் தாண்டினாலே மின்வாரியத்தின் கட்டணப் படி ஏறிவிடும். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து வசூலிப்பவர் என்றால் இன்னும் சிக்கல். இந்தப் பணத்தைக் கம்பெனி தரும் என்று எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் மூன்றாம் மாதமே கேபிள் டிக்கியில் பையோடு தூங்கும். பெட்ரோல் ஓசியில் கிடைக்கும்போது நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அந்த 15 யூனிட்டும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் வரும், மீதி பெட்ரோல்தான். போர்ட்டிகோ உள்ள சொந்த வீடு, தினம் 50 கிலோமீட்டர் என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்போதும் நம் ஊரில் கிடைக்கும் பிளக்-இன் பெரும்பாலும் சொகுசுக் கார்களில்தான்.

சாதாரண ஹைபிரிட்டையே கேளுங்கள். அது பிரேக் பிடிக்கும்போதும் என்ஜினிலிருந்தும் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அறுவடை நாளில் பாதி ரோட்டில் நெல் காய, முன்னால் வைக்கோல் டிராக்டர் ஆடி ஆடிப் போகுமே, அப்போது என்ஜின் அணைந்து கார் சத்தமில்லாமல் பேட்டரியில் ஊரும். பெட்ரோல் மிச்சமாவதெல்லாம் அந்த மாதிரி இடத்தில்தான். விக்கிரவாண்டி நாலுவழிச் சாலையில் நூறில் பறந்தால் அவ்வளவு தெரியாது.

'மைல்டு ஹைபிரிட்' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம். அது பேட்டரியில் மட்டும் ஓடாது; 'ஸ்ட்ராங்' என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சொந்த வேலைக்கும் ஓட்டுவீர்களானால், அதற்கென ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடிப்பார்கள். என்ஜின் 1.6 லிட்டருக்கு மேல் போனால் அந்தத் தொகை கூடும். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் 1.5 லிட்டர், இன்னோவா ஹைகிராஸ் 2 லிட்டர்.

கார் வந்ததும், பேட்டரிக்குக் காற்று போகும் துளை எங்கே என்று ஷோரூமில் காட்டச் சொல்லுங்கள். பல ஹைபிரிட்களில் அது இருக்கை ஓரமாக இருக்கும். விதை சாம்பிள் மூட்டையை அதை ஒட்டிச் சாத்தி வைக்காதீர்கள்; தூசி அடைத்தால் பேட்டரி சூடேறும்.