பைடைகாமில் சிடி அடுக்குகள் ஏன் கலைந்து வருகின்றன?

சிடி ஸ்கேன் ஃபோல்டரைப் பைடைகாமில் (டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்புகளைப் படிக்கும் பைத்தான் நூலகம்) ஏற்றினால் நுரையீரலுக்கு நடுவே தோள்பட்டை வருகிறது, காற்று இருக்கும் இடத்தில் மதிப்பு 24 என்று காட்டுகிறது என்கிறீர்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை, இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

முதலில் வரிசை. டைகாமில் ஒவ்வொரு அடுக்கும் பெரும்பாலும் தனிக் கோப்பு. பெயரை நம்பி அடுக்கினால் 1-க்கு அப்புறம் 10 வந்து நிற்கும். கோப்புக்குள்ளேயே 'இமேஜ் பொசிஷன் பேஷன்ட்' என்ற டேக் (அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்று சொல்லும் தகவல்) இருக்கிறது. அதில் மூன்று எண்கள், மில்லிமீட்டரில். வழக்கமான குறுக்குவெட்டு ஸ்கேன் என்றால் மூன்றாவது எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் போதும். அதற்கு முன் 'சீரிஸ் இன்ஸ்டன்ஸ் யூஐடி' (ஒவ்வொரு படத் தொடருக்கும் உள்ள தனி அடையாள எண்) படி பிரித்துவிடுங்கள். ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படமும் பல நேரம் அதே ஃபோல்டரில்தான் கிடக்கும். நானே ஒரு முறை அதை ஓர் அடுக்கு என்று நினைத்து அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சரி, அந்த 24? பைடைகாமின் பிக்சல் அரே (படப்புள்ளி மதிப்புகளின் அட்டவணை) தருவது கோப்பில் சேமித்த எண்ணை மட்டுமே. அதை, அதே கோப்பில் உள்ள 'ரீஸ்கேல் ஸ்லோப்'பால் பெருக்கி 'ரீஸ்கேல் இன்டர்செப்ட்'டைக் கூட்ட வேண்டும். ஸ்லோப் 1, இன்டர்செப்ட் -1024 என்றால் 24 என்பது -1000 ஆகும். சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று அதுதான், தண்ணீர் 0. இங்கே ஒரு பொறி: அரே குறியில்லா 16 பிட்டாக (எதிர்ம எண்ணே வைக்க முடியாத வகை) இருந்து, நீங்கள் நேராக 1024-ஐக் கழித்தால் -1000-க்குப் பதில் 64536 வரும். முதலில் ஃப்ளோட்டாக (தசம எண் வகை) மாற்றிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தொல்லை என்றால் சிம்பிள்ஐடிகே என்ற இன்னொரு நூலகத்தின் சீரிஸ் ரீடரே வரிசையையும் ரீஸ்கேலையும் பார்த்துக்கொள்ளும். அந்தப் படத்தை நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) அரேயாக மாற்றும்போது மட்டும் அச்சு வரிசை இசட், ஒய், எக்ஸ் என்று திரும்பி வரும்.