அந்தூரியம் இலையில பழுப்பு புள்ளி வருது, என்ன மருந்து அடிக்கலாம்?

மொதல்ல அந்த ஸ்ப்ரேயர கீழ வைங்க.

நீங்க கேட்ட விதத்துலயே தெரியுது, ஏற்கனவே ஏதோ ஒரு மருந்த வாங்கி வெச்சாச்சு, யாராவது "ம், அடிங்க"ன்னு சொல்லணும், அவ்ளோதான். நானும் அப்படித்தான் நின்னேன். நாலு செடி போச்சு.

எங்க வீட்ல ஜன்னலோரம் ரெண்டு அந்தூரியம், ஒரு சிங்கோனியம், ஒரு டிஃபன்பேக்கியா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு இருக்கும். தினமும் காலைல ஸ்ப்ரேயர்ல இலை முழுக்க நனைச்சு விடுவேன், அப்படி செஞ்சா இலை பளபளன்னு இருக்கும்னு ஏதோ வீடியோல பாத்தது. அந்தூரியம் இலை ஓரத்துல சில காலைல முத்து முத்தா தண்ணி நிக்கும், நான் தெளிக்காத நாள்லயும் நிக்கும். அது செடியே வெளிய விடற தண்ணி. பாத்து பாத்து சந்தோஷப்பட்டேன், போட்டோ வேற எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

அப்புறம் ஒரு இலையோட அடிப்பக்கம், ஓரமா, எண்ணெய் பட்ட பேப்பர் மாதிரி ஒரு கறை. கொஞ்ச நாள்ல நடுவுல பழுப்பு, சுத்தி மஞ்சள் வளையம். ஃபங்கஸ்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன். கார்பன்டாசிம் வாங்கி மூணு ரவுண்டு அடிச்சேன், கெட்ட இலைய கத்தரிச்சேன், கை சூட்டோட அதே கத்தரிக்கோல்ல பக்கத்துல இருந்த சிங்கோனியத்தையும் டிஃபன்பேக்கியாவையும் "ட்ரிம்" பண்ணி விட்டேன். இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. சில வாரத்துல அதுங்களுக்கும் அதே கறை. அந்தூரியத்துல பழைய இலை ஒவ்வொண்ணா மஞ்சளாகி, தொட்டா காம்போட கழண்டு வந்துச்சு.

அந்த நேரம் பாத்து வீட்டுக்கு வந்த என் நாத்தனார், "அண்ணி, உங்களுக்கு செடி கைராசி இல்ல, விட்டுடுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதுக்குத்தான் இந்தப் பதில எழுதறேன்னு கூட வெச்சுக்கோங்க. கைராசியும் இல்ல ஒண்ணும் இல்ல, அது சாந்தோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா. இலை ஓரத்துல தண்ணி முத்து நிக்குதே, அந்த தண்ணி வெளிய வர்ற துவாரம் வழியாதான் பெரும்பாலும் உள்ள போகும். இலைல இருந்து இலைக்கு தண்ணி தெறிச்சு பரவும், வெட்டற கத்தில பரவும். அந்தூரியத்துக்கு மட்டும் இல்ல, அதோட சொந்தக்கார செடிங்களான சிங்கோனியம், டிஃபன்பேக்கியா, அக்லோனிமா எல்லாத்துக்கும் வரும். கார்பன்டாசிம் ஃபங்கஸுக்கான மருந்து, பாக்டீரியாவ ஒண்ணும் பண்ணாது. அதாவது நான் மருந்துன்னு நெனச்சு மூணு தடவ அடிச்சது, அதுக்கு வெறும் குளியல். 1980-கள்ல ஹவாய் தீவுகள்ல அந்தூரியம் பண்ணை பண்ணையா இதே நோய்ல அழிஞ்சிருக்கு, தொழிலா பண்றவங்களே தடுமாறினாங்கன்னா நாம எம்மாத்திரம்.

சரி, உங்க செடிக்கு வருவோம். புள்ளிய சுத்தி மார்க்கர் பேனால ஒரு கோடு போட்டு தேதி எழுதி வைங்க. ஒரு வாரத்துல கோட்ட தாண்டலன்னா பெரும்பாலும் நோய் இல்ல. ஜன்னல் பக்கம் பாத்த இலைல மட்டும் வெளுத்து, காஞ்ச காகிதம் மாதிரி இருந்தா வெயில் சுட்டது, செடிய நகர்த்துனா போதும். நுனி மட்டும் கருகி, மண்ணு மேல வெள்ளையா படிஞ்சிருந்தா உப்பு, உரம் ஜாஸ்தி, தொட்டி அடில வழிய வழிய நல்லா தண்ணி விட்டு அலசுங்க. கோட்ட தாண்டி வளருது, உள்ள வளையம் வளையமா இருக்கு, நடுவுல பொடி கருப்பு புள்ளி தெரியுதுன்னா ஃபங்கஸ் சந்தேகம், அப்ப கெட்ட இலைய எடுத்துட்டு லேபிள்ல போட்ட அளவுல ஃபங்கிசைடு அடிக்கலாம், ஆனா அது புது இலைய காப்பாத்தும், பழைய புள்ளி திரும்ப பச்சையாகாது. எதுவுமே ஒத்து வரலன்னா செடிய தொட்டிலேர்ந்து எடுத்து வேர பாருங்க, கொழகொழன்னு நாத்தம் அடிச்சா தண்ணி அதிகமாகி வேர் அழுகுது, இலைய பாத்துட்டு இருந்து பிரயோஜனம் இல்ல.

எண்ணெய்க் கறையும் மஞ்சள் வளையமும், கூடவே பழைய இலை காம்போட கழண்டு வரதும் இருந்தா மனச கல்லாக்கிக்கிட்டு மண்ணோட சேத்து கட்டி குப்பைல போடுங்க. உரக்குழில போடாதீங்க. தொட்டிய ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து அரை மணி நேரம் ஊற வெச்சு கழுவுங்க. காப்பர் மருந்து பக்கத்து செடிக்கு பரவறத கொஞ்சம் தடுக்கும், உள்ள ஏறினத எடுக்காது. "நான் காப்பர் அடிச்சு காப்பாத்தினேன்"னு யாராவது கீழ வருவாங்க, வரட்டும், அவங்க செடிக்கு வந்தது வேற நோயா இருந்திருக்கும், சண்டைக்கு நான் வரல. வேளாண்மை படிச்சவ இல்ல நான், நாலு செடிய பறிகொடுத்தவ, அந்த தகுதில சொல்றேன்.

இதுல இன்னொரு கூத்து, இவ்ளோ நடந்ததுக்கப்புறமும் ஆஃபீஸ்ல புதுசா வாங்கின செடிக்கெல்லாம் என்னத்தான் பொறுப்பா போட்டாங்க. செடி மேல எனக்கு ஆசைன்னு இல்ல, டீம்ல நான் ஒருத்திதான் பொண்ணு. கேக் வெட்டறதும் நான்தான், தண்ணி ஊத்தறதும் நான்தான், அப்ரைசல் வந்தா மட்டும் "நீங்க இன்னும் லீடர்ஷிப் காட்டணும்". பதினோரு செடிக்கு லீடரா இருக்கேன், போதாதா? போகட்டும்.

இலைல தண்ணி தெளிக்கறத இன்னிக்கே நிறுத்துங்க, மண்ணுக்கு மட்டும் ஊத்துங்க, தொட்டிகள கொஞ்சம் தள்ளித் தள்ளி வைங்க. ஒவ்வொரு செடிக்கும் நடுவுல கத்தரிக்கோல எழுபது சதவீத ஆல்கஹால்ல தொடைங்க. கிளவுஸ் போட்டுக்கோங்க, அந்தூரியம் சாறு பட்டா அரிக்கும்.

அப்புறம் போட்டோ போடும்போது பகல் வெளிச்சத்துல, இலையோட அடிப்பக்கத்தையும் எடுத்து போடுங்க. நீங்க போட்டிருக்கற போட்டோல செடிய விட பின்னாடி இருக்கற சோபாதான் தெளிவா தெரியுது.