எருக்குவியலின் சூடு எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் உதிரும் சருகையும் பழத்தோலையும் மக்கவைத்துத் திரும்பச் செடிகளுக்கே இடுகிறோம். அப்படியானால், செடி வெயிலிலிருந்து பெற்ற ஆற்றலும் செடிக்கே திரும்பிவிடுகிறது அல்லவா? பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இல்லை என்று சாதிக்கிறாள்.
– வாசகர், ஏற்காடு

பதில்: தங்கள் மகள் சொல்வதே சரி. எருவோடு செடிக்குத் திரும்புபவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதலியவை, ஆற்றல் அன்று. அது வெளியேறும் வழியைத் தங்கள் தோட்டத்திலேயே பார்க்கலாம். புதிதாகப் போட்ட எருக்குவியலை மார்கழி விடியலில் மண்வெட்டியால் கிளறினால் ஆவி எழும். உள்ளே கையை விட்டால் நெடுநேரம் வைத்திருக்க முடியாது. நன்றாக மக்கும் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதுண்டு. இலை பிடித்து வைத்திருந்த வெயிலே, பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சருகைத் தின்று சுவாசிக்கும்போது இப்படி வெப்பமாக வெளிப்படுகிறது. ஏற்காட்டுப் பனிக்காற்றில் கலந்துவிட்ட அந்த வெப்பத்தை எந்த இலையாலும் மீண்டும் பிடித்து மாவுச்சத்தாக்க முடியாது. ஒளிச்சேர்க்கைக்கு ஒளிதான் வேண்டும். ஆகவே சத்துகள் சுற்றிச் சுற்றி வந்தாலும், ஆற்றலுக்காகச் செடி நாள்தோறும் புது வெயிலையே எதிர்பார்த்து நிற்கிறது. அதிலும், மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே இலைகளில் உணவாகச் சேர்கிறது.

சருகைக் கொளுத்தினாலும் வெளிவருவது அதே வெப்பம்தான். ஆனால் தழைச்சத்தின் பெரும்பகுதியும் புகையோடு போய்விடும். மக்கவைப்பதே நல்லது.

கேள்வி: சேர்வராயன் மலைக்குப் போகும்போதெல்லாம் புழுக்களையும் சிட்டுகளையும் ஏராளமாகக் காண்கிறேன், வல்லூறு மட்டும் ஒன்றோ இரண்டோதான். ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: முந்தைய விடையின் தொடர்ச்சியே இது. புழு தின்ற இலையில் ஒரு பகுதி செரிக்காமல் எச்சமாக விழுகிறது. செரித்ததிலும் பெரும்பங்கு சுவாசத்தில் செலவாகிறது. மீதி மட்டுமே உடலாகிறது. சிட்டின் செலவோ இன்னும் அதிகம்: உடலை ஏறத்தாழ 40 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்கவும் பறக்கவுமே அதன் தீனி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. படிக்குப் பத்தில் ஒரு பங்கு தேறுவதாகக் கொண்டால், இலையின் 1,000 பங்கு புழுவில் 100, சிட்டில் 10, வல்லூறில் 1 என்று சுருங்கும். பாடநூல்களில் வரும் இந்தப் பத்து விழுக்காடு தோராயமான கணக்கு. உயிருக்கு உயிர் பெரிதும் மாறும்.

ஆற்றல் படிப்படியாகக் குறைவதை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து விளக்கியவர் ரேமண்ட் லிண்டமன். அவருடைய கட்டுரையை முதலில் ஏற்க மறுத்தார்கள்; 1942இல் அது அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை.

எனவே, ஒரே ஒரு வல்லூறு பிழைத்திருக்கவே பல ஏக்கர் மரநிழலும் அதிலுள்ள புழுக்களும் சிட்டுகளும் வேண்டியிருக்கின்றன. வல்லூறையே நாள்தோறும் பிடித்துத் தின்று வாழ ஒரு பறவை புறப்பட்டால், இரை தேடி அது சுற்ற வேண்டிய பரப்புக்கு இந்த மலை போதாது.