உளவியலும் ஆன்மிகமும் சேர்ந்த பட்டப்பின் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்து நாகரிகத்தில் பட்டம் பெற்ற ஆசிரியை நான். உளவியல், ஆன்மிகம், ஆளுமை விருத்தி மூன்றும் சேர்ந்த முதுமாணிப் படிப்பு வெளிநாடுகளில் இருக்கிறதாம். உண்மையான துறைதானா? என்ன படிப்பிப்பார்கள்? வேலையோடு சேர்த்துப் படிக்கலாமா?
*— வாசகி, களுவாஞ்சிக்குடி*

உண்மையான துறைதான். வயதும் குறைவில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902இல் நூலாக வந்தன. சமய அனுபவத்தைக் கேலி செய்யாமலும் கும்பிடாமலும் உளவியலாகப் பார்க்கலாம் என்று அவர் காட்டினார். பின்னர் ஆபிரகாம் மாஸ்லோ, அந்தனி சுடிச் முதலானோர் ‘நான்’ என்ற எல்லையைத் தாண்டும் அனுபவங்களை ஆராயும் ‘ட்ரான்ஸ்பெர்சனல் உளவியல்’ என்ற பிரிவை உருவாக்கினார்கள். அதற்கான ஆய்விதழ் 1969இல் தொடங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1968இல், சான் பிரான்சிஸ்கோவில் இன்றைய கலிபோர்னியா இன்டக்ரல் கற்கைகள் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹரிதாஸ் சௌத்ரி என்ற வங்காளத் தத்துவப் பேராசிரியர். அரவிந்தர் வழி வந்தவர். ஆகவே உங்கள் இந்து நாகரிகப் பட்டம் இந்தத் துறைக்கு வெளியே நிற்கும் படிப்பு அல்ல.

பாடங்களைப் பெரும்பாலும் நான்கு பகுதியாகப் பார்க்கலாம். யுங், மாஸ்லோ, ரோஜர்ஸ், அசாஜியோலி போன்ற உளவியலாளர்களின் கோட்பாடுகள் ஒன்று. சமய மரபுகளின் தியான, பிரார்த்தனை முறைகள் இன்னொன்று. மூன்றாவது மாணவரின் சொந்தப் பயிற்சியும் அதற்கான குறிப்பேடும். நான்காவது ஆய்வு முறையியல். சமயப் பாடம் படித்தவர்கள் இரண்டாவதில் நன்றாகச் செய்து நான்காவதில் விழுகிறார்கள். விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அறிமுக உளவியல் பாடநூல் ஒன்றை முழுதாக வாசியுங்கள். இடை, நியம விலகல், இணைபு, பொருண்மைச் சோதனை என்ற நான்கு புள்ளிவிபரக் கணிப்புகளையும் கையால் கணக்குப் போட்டுப் பழகுங்கள். நேர்முகத்தில் இது தெரிந்தாலே உங்கள் மீது நம்பிக்கை வரும்.

குறிப்பேட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பலர் அதைப் பிரசங்கம் போல எழுதிவிடுகிறார்கள். ‘ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கத்தில் தீர்த்தமாடினேன், மனம் நிறைந்தது’ என்று எழுதித் தேவாரத்தோடு முடித்தால் புள்ளி வராது. உடம்பில் என்ன நடந்தது, எந்த எண்ணம் முதலில் வந்தது, சனக்கூட்டமும் விரதக் களைப்பும் அதில் எவ்வளவு, அடுத்த நாள் எது மிஞ்சியது என்று எழுதவேண்டும். பரிசோதகர் பார்ப்பது உங்கள் பக்தியை அல்ல. உங்களை நீங்களே எவ்வளவு நேர்மையாகக் கவனித்தீர்கள் என்பதைத்தான்.

வேலையோடு படிக்கலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், குறைந்தது 30 திறமைப்புள்ளி (கிரெடிட்). ஒரு புள்ளிக்கு 50 மணிநேரக் கற்றல் என்றால் மொத்தம் 1,500 மணிநேரம். இரண்டு வருடத்தில் பிரித்தால் வாரத்துக்குப் பதினான்கரை மணிநேரம் வரும். பாடசாலை நாட்களில் தினம் ஒன்றரை மணி, சனி ஞாயிறில் மூன்றரை மணி வீதம் ஒதுக்கினால் சரியாகும். ஒரே வருடத்தில் முடிப்பதென்றால் வாரம் கிட்டத்தட்ட 29 மணிநேரம். வகுப்பும் வீடும் இருக்கிறவருக்கு அது ஆகாது. விடைத்தாள் திருத்தும் மாதங்களில் எந்த ஒப்படையும் விழாதபடி கால அட்டவணையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

‘முழுமைநோக்கு உளவியலில் ஒரே வருடத்தில் ஒன்லைன் கலாநிதிப் பட்டம்’ என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா?
*— வாசகர், காத்தான்குடி*

பணம் கட்ட வேண்டாம். முதலில் அந்தப் பெயர் சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். புகழ்பெற்ற பெயரில் ஒரு சொல்லை மாற்றி வைத்துக்கொள்வது பழைய தந்திரம். அடுத்து, கொழும்பு 7, வார்ட் பிளேசிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்த நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலைப் பின்னர் யாருக்கும் காட்ட முடியாது. நிறுவனம் அமெரிக்காவில் என்றால் அந்நாட்டுக் கல்வித் திணைக்களத்தின் தரச்சான்றுத் தரவுத்தளத்திலும் தேடவேண்டும்.

இந்தத் துறைக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. அமெரிக்காவின் சில மாநிலங்களில் சமய நிறுவனங்கள் வழமையான அரச அனுமதியில்லாமல் சமயப் பட்டம் வழங்கலாம். அந்தச் சலுகைக்குள் இருந்துகொண்டு ‘ஆன்மிக உளவியல் கலாநிதி’ என்று கொடுக்கிறார்கள். அங்கே அது சட்டவிரோதம் இல்லாமல் இருக்கலாம். இங்கே பதவி உயர்வுக்கோ விரிவுரையாளர் பதவிக்கோ உதவாது. ‘சட்டப்படி பதிவானது’ என்று அவர்கள் சொன்னால், ‘தரச்சான்று தந்தது யார்?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

கண்ணகி, காளி கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வதைப் பற்றி முதுமாணி ஆய்வேடு எழுதலாமா? எப்படித் தொடங்குவது?
*— வாசகி, காரைதீவு*

தாராளமாக எழுதலாம். உங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்தர் காலத்திலிருந்து புலமை எழுத்துக்குக் குறைவில்லாத மண் இது. போர்க்காலத்தில் காணாமற்போனோரின் குடும்பங்கள் மட்டக்களப்புக் காளி கோயில்களில் வாக்குக் கேட்டதைப் பற்றிப் பற்றீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990களில் ஆராய்ந்தார். சொல்ல இடமில்லாத துயரத்துக்குக் கோயில் எப்படி இடம் கொடுத்தது என்பதை அவர் காட்டினார். அதை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் செய்து முடித்ததையே திரும்பச் செய்வீர்கள்.

கேள்வியைச் சுருக்குங்கள். ‘தெய்வமாடுதலும் உளநலமும்’ ஆய்வுக் கேள்வி அல்ல, அது வெறும் தலைப்பு. ‘வாக்குக் கேட்ட தாய்மார் அதன் பிறகு தங்கள் துக்கத்தை எப்படிப் பேசுகிறார்கள்?’ என்பதுதான் கேள்வி. அனுபவத்தை உள்ளிருந்து விளங்கும் விளக்கவியல் முறைக்கு மாணவ ஆய்வில் 3 முதல் 6 பேர் போதும். ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஆறு, ஏழு மணிநேரம் பிடிக்கும். பேசியபடி மட்டக்களப்புத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பகுப்பாய்வு செய்து, மேற்கோள் காட்டும் பகுதியை மட்டும் ஆங்கிலமாக்குங்கள். முதலிலேயே மொழிபெயர்த்தால் ‘வாக்கு’, ‘கட்டு’, ‘நேர்த்தி’ எல்லாம் ஒரே சொல்லாகிக் கரைந்துவிடும்.

வினாக்கொத்துச் சேர்க்க நினைத்தால் அவதானம். ஆன்மிக நலன் அளவீடுகள் பலவும் மேற்கில், கிறிஸ்தவச் சூழலில் உருவானவை. நம் பகுதியில் இந்துக்கள் ‘ஆன்மிகம்’ என்பதை முஸ்லிம்கள் ‘ஆத்மீகம்’ என்பார்கள். சுவிசேஷ சபையினருக்கு அது ‘ஆவிக்குரிய வாழ்க்கை’. ஒரே சொல்லை அச்சடித்துக் கொடுத்தால் அம்பாறை மாவட்டத்தின் பாதிப்பேர் வேறு எதற்கோ பதில் சொல்வார்கள். இருவர் தனித்தனியே தமிழாக்கி, மூன்றாமவர் திரும்ப ஆங்கிலமாக்கி, பின் ஏழெட்டுப் பேரிடம் ‘இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படி விளங்கியது?’ என்று கேட்ட பிறகே பயன்படுத்தலாம்.

காலத்தையும் கவனியுங்கள். கண்ணகி கோயில் சடங்கும், அம்மனின் கோபம் தணிக்கும் குளிர்த்தியும் வைகாசியில். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மாதக்கணக்கில் போகலாம். கார்த்திகைக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் வைகாசி தவறும். அடுத்த வைகாசிக்கு ஒரு வருடம். விண்ணப்பத்தில் ஊர்ப்பெயரை மறைப்பது, ஒலிப்பதிவை எப்போது அழிப்பது, பேசும்போது ஒருவர் உடைந்தால் யாரிடம் அனுப்புவது என்பவற்றைத் தெளிவாக எழுதவேண்டும். கடைசியானது காகிதச் சடங்கு அல்ல. போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ நேர்காணலுக்கு முன்பே பேசி வைத்திருங்கள். இறந்தவரைப் பற்றி நீங்களாகக் கிளறிக் கேட்காதீர்கள். தாய் தானாகச் சொல்ல வந்தால் இடையில் நிறுத்தாதீர்கள்.

இந்த முதுமாணி முடித்தால் உளவளத்துணை நிலையம் திறக்கலாமா? தியானம் கற்பிக்கலாமா?
*— வாசகர், வாழைச்சேனை*

முதலாவதற்கு இல்லை என்பதே எங்கள் பதில். ஆன்மிகமும் ஆளுமை விருத்தியும் படித்த பட்டம் நோய் கண்டறியவோ சிகிச்சை அளிக்கவோ பயிற்சி தருவதில்லை. தனியே ஆட்களைச் சந்திக்க விரும்பினால் மேற்பார்வையோடு கூடிய உளவளத்துணைப் பயிற்சி வேண்டும். சமூக அபிவிருத்திக்கான தேசிய நிறுவகத்தில் அதற்கான டிப்ளோமா இருக்கிறது. சிகிச்சை உளவியலாளராக வேண்டுமென்றால் அதற்கு உளவியலில் பட்டமும் சிகிச்சை உளவியல் முதுதத்துவமாணியும் (எம்.ஃபில்) என்ற வேறு பாதை.

தியானக் குழு நடத்தலாம், வரம்போடு. அமெரிக்கர் ஜோன் கபட்-சின் 1979இல் தொடங்கிய, மன அழுத்தம் குறைக்கும் விழிப்புணர்வுத் தியான (மைண்ட்ஃபுல்னஸ்) முறை எட்டு வாரம். வாரம் ஒரு முறை இரண்டரை மணிநேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடப் பயிற்சி, நடுவில் ஒரு முழு மௌன நாள். இங்கே பலர் அந்த மௌன நாளை முதல் நாளே வைத்துவிடுகிறார்கள். போரையும் 2004 சுனாமியையும் கண்ட ஒருவரைப் பழக்கமில்லாமல் கண்மூடி நாள்முழுக்க இருத்தினால் பழைய காட்சிகள் திரும்பி வரலாம். கண்திறந்தபடி, பத்து நிமிடத்தில், நடையோடு தொடங்குங்கள். சேரும்போதே தூக்கம், பழைய மனநோய், தற்கொலை எண்ணம் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று இரவு தூக்கமே இல்லை, குரல் கேட்கிறது, தானே தெய்வம் என்கிறார் என்றால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புங்கள். எல்லா ஆன்மிகத் தடுமாற்றமும் நோயல்ல; அமெரிக்க மனநல வகைப்பாடே 1994இல் ‘சமய அல்லது ஆன்மிகப் பிரச்சினை’ என்று நோயல்லாத தனி வகையைச் சேர்த்தது. ஆனால் அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வைத்தியரின் வேலை. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.