தட்டுக்குக் கண் இருக்கோ, கடிதம் வாசிக்க?

கேள்வி: ஆசிரியர் ஐயா, போன இதழில "உங்கட மனசுக்கு நெருக்கமான ரொக் அல்பத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி அனுப்புங்கோ" எண்டு வாசகர்களிட்டக் கேட்டிருந்தீங்கள். அல்பம் எண்டுறது ஒரு தட்டு. அதுக்குக் கண்ணும் இல்ல காதும் இல்ல. அதுவும் வெள்ளைக்காரன்ர காட்டுக்கத்தல். என்ர அண்ணாவும் இப்பிடித்தான் ஒரே அல்பத்தை வருசக்கணக்காப் போட்டுப் போட்டு வீட்டில ஒருத்தரையும் நித்திரை கொள்ள விடாதவர், இப்ப கனடாவில. தமிழ்ப் பத்திரிகைக்கு உது தேவையோ?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, தட்டுக்குக் கண் இல்லத்தான். வாணி விழா வந்தா உங்கட ஒஃபிஸில கம்பியூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கினம், அப்ப அதுக்குக் கண் இருக்கோ எண்டு நீங்கள் கேட்டிருக்க மாட்டீங்கள். உங்கட அம்மா அப்பாவிட்டக் கேட்டுப் பாருங்கோ. இலங்கை வானொலிக்குத் தபாலட்டையில நேயர் விருப்பம் எழுதிப் போட்டிட்டு, வீட்டு ஆக்களின்ர பேர் எல்லாத்தையும் வாசிப்பினமோ எண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில காத்துக்கொண்டு இருந்த தலைமுறை அது. ஒரு பாட்டுக்காகக் கடிதம் எழுதுறது எங்கட ஆக்களுக்குப் புதுசில்ல.

நான் ஏன் கேட்டனான் எண்டு சொல்லுறன். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில நான் யாழ்ப்பாணத்தில. கரண்ட் இல்ல, பற்றரி தடை செய்த சாமான், பாட்டுக் கேக்கோணும் எண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் கையால பெடலைச் சுத்தோணும், டைனமோவில இருந்து வயர் ரேப் ரெக்கோடருக்குப் போகும். பக்கத்து வீட்டு அண்ணை ஒருத்தர் கொழும்பில இருந்து கிளாலிக் கடலால வரேக்க ஒரு கசட் கொண்டந்தவர். கசட்டில பாட்டு அடிச்சுக் குடுக்கிற ரெக்கோடிங் பார் எண்ட கடை ஒண்டில அடிச்ச தொண்ணூறு நிமிசக் கசட், இந்தப் பக்கம் ஒரு அல்பம் அந்தப் பக்கம் ஒரு அல்பம், மேல நீலப் பேனையால "பிங்க்" எண்டு மட்டும் எழுதியிருந்தது. அண்டைக்குச் சுத்துற முறை என்ர. போட்டவுடன பாட்டு ஒண்டும் வரேல்ல, லப் டப் லப் டப் எண்டு ஒரு சத்தம் மட்டும், நான் டைனமோதான் பிழைச்சுப்போச்சு எண்டு இன்னும் வேகமாச் சுத்த, அண்ணை சொன்னார், டேய் மெதுவாச் சுத்து, அது நெஞ்சு அடிக்கிற சத்தம், அல்பமே அப்பிடித்தான் தொடங்குது எண்டு. கை களைச்சா பாட்டு இழுபடும், ஆள் மாறினா திரும்பத் துள்ளும். அந்த அல்பத்தின்ர உண்மையான வேகம் என்ன எண்டு 97ல கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில ஒரு அறையில கரண்டில போட்டுக் கேக்கேக்கதான் எனக்குத் தெரிஞ்சது.

அந்த அறையில நாலு பேர். பொலிஸ் பதிவு, ஐடென்டி காட், சோதனைச் சாவடி, இரவில வெளியில வாகனம் நிண்டா நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பம். அந்த அல்பம் முடியேக்கயும் அதே நெஞ்சு அடிக்கிற சத்தத்தோடதான் முடியும். அது அடங்கிற வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல.

பிங்க் ஃப்ளொய்ட் எண்ட இங்கிலாந்து ரொக் பாண்டின்ர "த டாக் சைட் ஒஃப் த மூன்" தான் அது, 1973 மார்ச்சில வந்தது. அதில ஒரு இடத்தில ஒரு பொம்பிளை பாடுவா, சொல்லே இல்ல, வெறும் குரல், செத்த வீட்டில ஒப்பாரி சொல்லுற கிழவிக்குச் சொல்லெல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு குரல் வருமே அது மாதிரி. எங்களுக்கு இங்கிலீஸ் அரைகுறையா விளங்கின காலம், அந்தப் பாட்டு மட்டும் முழுசா விளங்கிச்சு. பாடினவ ஆர் எண்டு தெரியாமலே பத்து வருசத்துக்கு மேல கேட்டனான். கசட்டில பேர் இல்லத்தானே.

பிறகு சீடி வாங்கினாப் பிறகுதான் கிளேர் டோரி எண்ட பேரைப் பாத்தனான், பாத்திட்டுத் தேடி வாசிச்சனான். 1973 சனவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபி ரோட் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டிருக்கினம், சொல் ஒண்டும் இல்ல, நீங்களா ஏதும் பாடுங்கோ எண்டிருக்கினம், அவவும் பாடிப்போட்டு 30 பவுண் கூலியோட வீட்ட போயிட்டா. அந்த இடத்திலயே தானா உண்டாக்கிப் பாடின மெட்டுக்கு இசையமைச்ச ஆக்களில அவவின்ர பேரைச் சேர்க்கேல்ல. 2004ல வழக்குப் போட்டா, 2005ல இணக்கத்துக்கு வந்தது, அதுக்குப் பிறகு வந்த பதிப்புகளில அவவின்ர பேரும் சேத்து வருது. 32 வருசம் தம்பி. எங்கட கசட்டில மட்டும் பேர் இல்லாமப் போகேல்ல, ஒரிஜினலிலயே சரியான இடத்தில இல்லாமத்தான் இருந்திருக்கு.

நான் அவவுக்கு ஒரு சதம் குடுத்தனானோ? இல்ல. அந்த பாண்டுக்கும் இல்ல. ரெக்கோடிங் பார்க்காரருக்குக் குடுத்த காசு ரெக்கோடிங் பார்க்காரரோட போச்சு. எங்கட தலைமுறை முழுக்க இந்த இசையைக் களவாத்தான் கேட்டது, வேற வழி இருக்கேல்ல, அதுக்கு வெக்கப்படச் சொல்லி ஒருத்தரையும் நான் கேக்கேல்ல. ஆனா கடன் கடன்தான். பேரைத் தேடிப் பிடிச்சு, உங்கட குரல் கொட்டாஞ்சேனையில இன்ன அறையில இன்ன இரவில நாலு பேருக்கு இன்னது செய்தது எண்டு எழுதி வைக்கிறதை விட வேற என்னத்தால அந்தக் கடனைக் குடுக்கிறது, எனக்குத் தெரியேல்ல. அதாலதான் கேட்டனான்.

வாசிக்க ஏலாததுக்கு எழுதக்கூடாது எண்டுறீங்கள். அந்தக் கசட்டின்ர மற்றப் பக்கத்தில இருந்தது "விஷ் யூ வேர் ஹியர்", அதுவும் பிங்க் ஃப்ளொய்டின்ரதான். அந்த பாண்டைத் தொடங்கின ஆக்களில ஒருத்தர் சிட் பரட், மனம் குழம்பி 1968ல விலகினவர். ஏழு வருசம் கழிச்சு 1975 ஜூனில, அவரை நினைச்சு எழுதின பாட்டில மற்றவை வேலை செய்துகொண்டு இருக்கேக்க அவரே ஸ்டூடியோவுக்கு வந்து நிண்டிருக்கிறார், மொட்டை அடிச்சு, புருவமும் வழிச்சு, உடம்பு வைச்சு. கூட இருந்து வாசிச்ச கூட்டாளிமாருக்கே கன நேரம் ஆளை அடையாளம் தெரியேல்ல, பிறகு தெரிஞ்சு அழுதிருக்கினம். ஆள் முன்னுக்கு நிக்கிறார், கடிதம் போய்ச் சேரேல்ல. அப்பிடியும் அவை அந்த அல்பத்தை நிப்பாட்டேல்ல. அதை நிப்பாட்டியிருந்தா எங்கட அறையில என்ன இருந்திருக்கும் எண்டு நான் யோசிச்சுப் பாக்கிறனான்.

தமிழ்ப் பத்திரிகைக்குத் தேவையோ எண்டு கேட்டதுக்கு எனக்கு உண்மையிலயே கோபம் வந்தது. பத்துப்பாட்டில பாதி ஆற்றுப்படை. பரிசில் வாங்கிக்கொண்டு திரும்பி வாற பாணன், வழியில பசியோட வாற இன்னொரு பாணனைப் பாத்து, நானும் உன்னை மாதிரித்தான் காஞ்சு போயிருந்தனான், இந்த வழியாப் போ, இன்ன ஊரில இன்ன சாப்பாடு தருவினம், அந்த வள்ளலிட்டப் போனா உன்ர வறுமை தீரும் எண்டு சொல்லுறதுதானே அது. நன்றி சொல்லுறதும் வழி காட்டுறதும் ஒரே பாட்டில. நல்ல நன்றிக் கடிதம் ஒண்டு செய்யிறது இதைத்தான், அதை வாசிக்கிறது அல்பம் இல்ல, அந்தப் பாட்டை இன்னும் கேக்காத ஆரோ ஒரு பெடியன். இதை விடத் தமிழா ஒரு வேலையை நான் எங்க போய்த் தேட.

காட்டுக்கத்தல் எண்டதுக்கு ஒண்டு மட்டும் சொல்லுறன். அமெரிக்க ரொக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 சனவரியில நியூ ஜேர்சியில தன்ர வீட்டுப் படுக்கையறையில கித்தாரும் மவுத் ஓர்கனுமா இருந்து நாலு ட்ராக் கசட் மெசினில பாடி வைச்சார், பிறகு பாண்ட் ஆக்களோட ஸ்டூடியோவில திரும்ப அடிச்சும் சரிவரேல்ல, பெட்டியும் இல்லாமப் பொக்கற்றில கொண்டு திரிஞ்ச அந்தக் கசட்டில இருந்தே "நெப்ராஸ்கா" அல்பத்தை வெளியிட்டார். பிள்ளை நித்திரையா இருக்கிற வீட்டிலயும் போடலாம், போட்டுக் கேளுங்கோ. எங்கட பொப்பிசையே கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான். சிலோன் மனோகர் 2018 சனவரியில காலமானாப் பிறகு எத்தினை பேர் எழுதினம், நான் உட்பட, அதுக்கு முதல் அவர் இருக்கேக்க நான் ஒரு வரி எழுதேல்ல, அது இப்பவும் மனசில கிடக்குது.

மற்ற வாசகர்களுக்கும் சேத்து ஒரு விசயம். வந்த கடிதங்களில பாதியைத் திருப்பி அனுப்பினனான். அற்புதம், காவியம், உலகத்தரம் எண்டு ஒரு பக்கம் முழுக்க இருக்கு, எழுதின ஆள் அதில எங்கயும் இல்ல. பம்பலப்பிட்டியில இருந்து ஒரு தங்கச்சி எழுதினதைப் பாருங்கோ: ரியூசனுக்கு 100ஆம் நம்பர் பஸ்ஸில போகேக்க இயர்போனில ஒரு பக்கம் பழுது, ஒரு வருசம் முழுக்க அந்த அல்பத்தை ஒரு காதாலதான் கேட்டிருக்கிறா, புது இயர்போன் வாங்கின அண்டைக்குத்தான் மற்றக் காதில இன்னொரு கித்தார் இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு இருந்தது தெரிஞ்சு பஸ்ஸுக்குள்ளயே அழுதிட்டா, இறங்க வேண்டிய ஹோல்ற்றையும் விட்டிட்டா. அது கடிதம். அடுத்த இதழில முதல் பக்கத்தில வரும்.

உங்களுக்கு தம்பி, உங்கட கேள்வியில நான் திரும்பத் திரும்ப வாசிச்சது அண்ணாவைப் பற்றின அந்த ஒரு வரியைத்தான். வருசக்கணக்கா ஒரே அல்பம் எண்டு எழுதினீங்கள், அல்பத்தின்ர பேரை எழுதேல்ல. மறந்து போனீங்களோ, இல்லாட்டி அந்த நேரம் கேக்கவே இல்லையோ? இப்ப அந்த வீட்டில இரவில சத்தம் இல்லத்தானே. இண்டைக்கு ஏழு மணிக்குப் பிறகு அண்ணாவுக்குப் போன் எடுங்கோ, அங்க காலமையா இருக்கும். அது என்ன அல்பம் எண்டு கேட்டு, அந்தக் காலத்தில ஏன் அதை மட்டும் போட்டவர் எண்டும் கேட்டு, எனக்கு எழுதி அனுப்புங்கோ. உங்கட பக்கத்தை நான் காலியா விட்டு வைக்கிறன்.