படிப்பு பிரச்சினை இல்லை, மற்றதெல்லாம்தான்

வணக்கம். முதுகலை படிக்க வெளிநாடு வந்து மூன்று மாதமாகிறது. பாடத்தைச் சமாளித்துவிடுகிறேன். ஆனால் பஸ் டிக்கெட், வாடகை ஒப்பந்தம், எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று எதற்கெடுத்தாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் எல்லோரும் சிரிக்கும்போது ஜோக் புரியாமலேயே நானும் சிரித்துவைக்கிறேன். நன்றாகப் பேசியவர்கள்கூட மறுநாள் ஒரு ஹாய் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாலையானால் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுடன் வீடியோ கால்தான். எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் அவரிடம் சொல்கிறேன். என்னோடு வந்தவர்கள் ஊர் சுற்றும் ஃபோட்டோவாகப் போடுகிறார்கள். நான்தான் இதற்கு லாயக்கில்லையோ? திரும்பிவிடலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முன்பு யோசிக்காமல் செய்த வேலைகளையெல்லாம் இப்போது யோசித்து யோசித்துச் செய்கிறீர்கள். போதாக்குறைக்கு, பழகாத பேச்சை நாள் முழுக்கக் கவனித்துக் கேட்கிறீர்கள். களைப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். மானிடவியலாளர் காலெர்வோ ஓபெர்க் 1960இல் எழுதிய கட்டுரை இதைக் கலாச்சார அதிர்ச்சி என்கிறது. எப்போது கைகுலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, எந்தப் பேச்சை நிஜமாக எடுத்துக்கொள்வது போன்ற பழகிய குறிப்புகள் இல்லாமல் போவதால் வரும் பதற்றம் அது. முதலில் உற்சாகம், பிறகு சரிவு, அப்புறம் தேறுதல் என்று அவர் சொன்ன வரிசை எல்லோருக்கும் பொருந்துவதில்லை. அதனால் மற்றவர்களின் ஃபோட்டோவோடு ஒப்பிட்டு மார்க் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தினசரி முடிவுகளைக் குறையுங்கள். ஒரே பாதை, ஒரே கடை, சமையலுக்கு ஒரு வாரத் திட்டம் என்று கொஞ்ச நாள் இருக்கட்டும்.

அந்த ஹாய் நிராகரிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பல இடங்களில் நட்பு மெதுவாகத்தான் நகரும். ஒரே ஆட்களை வாராவாரம் பார்க்கும்படியான ஒன்றில் சேருங்கள். விளையாட்டோ, பாட்டுக் குழுவோ, எதுவாக இருந்தாலும் சரி. விருந்துகளைவிட இது பலன் தரும். ஜோக் புரியாதபோது பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சும் நீளும்.

அம்மாவுடன் பேசுவதை நிறுத்த வேண்டாம். வெளியே போய்வந்த பிறகு பேசுங்கள். நாளுக்கு ஒரு உண்மையையாவது சொல்லுங்கள்: "இன்னைக்கு ரொம்ப அலுப்பா இருந்துச்சும்மா." அவர் தாங்குவார்.

திரும்புவது பற்றி இந்தக் களைப்பில் முடிவெடுக்காதீர்கள். படிப்புக்கு இடைவெளி எடுத்தால் விசா என்னவாகும் என்பதை வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் விசாரித்துவைப்பதில் தப்பில்லை. வழி இருக்கிறது என்று தெரிந்தாலே மனம் கொஞ்சம் லேசாகும்.

ஆனால் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கோ மருத்துவரிடமோ போங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள்.